கோட்டுக்குத் தெற்கே ஒரு வைகாசி

மரத்தின் மேல் இருக்கும்போது எனக்குக் கூச்சம் கிடையாது. தரையில்தான் எல்லாத் தொல்லையும். நாலு பேர் நின்று பேசினால் ஐந்தாவது ஆளாகப் போய் நிற்கக் கால் வராது. ஒருமுறை அடிவாரத்தில் இறங்க வேண்டியவன், கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு சேலம் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறேன்.

கூச்சப்படுகிறவன் ஓரிடத்தில் அடங்கி இருப்பான் என்று நினைப்பார்கள். எனக்கு அதுவும் வாய்க்கவில்லை. ஏற்காட்டைச் சுற்றி ஆறு எஸ்டேட் மாறியிருக்கிறேன். எங்கேயும் சண்டை போட்டு வரவில்லை. ஒரு வருஷம் ஆனால் அந்த மரங்களெல்லாம் மனப்பாடம் ஆகிவிடும், பிறகு கால் நிற்காது. வேலை இல்லாத நாளில் வீட்டு வாசலுக்கும் எஸ்டேட் கேட்டுக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

என் வேலை நிழல் மரம் கழிப்பது. காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும், அதிகமாகவும் கூடாது. வைகாசியில் மழை தொடங்கியதும் நிழல் மரங்களில் ஏறிக் கிளைகளைக் கழித்துவிட வேண்டும். மேகம் மூடிய மாதங்களில் செடிக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும். மழை முடிந்து தை பிறப்பதற்குள் மரம் மறுபடி தழைத்து, கோடை வெயிலுக்குக் குடை பிடித்துவிடும். கணுவுக்குக் கணு ஒரு சாண் கிளையை விட்டு வெட்டிய ஒற்றை மூங்கில்தான் ஏணி. இடுப்பில் ஒரு கவாத்துக் கத்தி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

கிளியூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலை செய்தபோதுதான் அந்தக் குழு வந்து தங்கியது. பல நாட்டு ஆட்கள், பதினோரு பேர். வெயில் நாடுகளில் மலைமலையாகப் போய், அங்கே இருக்கிற சின்ன விவசாயிகளுக்குக் கூலி வாங்காமல் வேலை செய்து கொடுப்பதுதான் அவர்கள் திட்டம். மரம் நடுவார்கள், தண்ணீர்த் தொட்டி கட்டுவார்கள். வழியில் ஆறு, காடு, மலை எது வந்தாலும் ஏறி இறங்கிப் பார்ப்பார்கள். நான் சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கிலைச் சாய்த்து ஏறுவதைப் பார்த்துவிட்டு, அவர்கள் தலைவர், நெட்டையான டச்சுக்காரர், கீழே நின்று கைதட்டினார். நான் அவர்கள் போகும்வரை இறங்கவில்லை.

அவர்களோடு வருகிறாயா என்று எஸ்டேட் ரைட்டர் மூலமாகக் கேட்டார்கள். உயரமான மரத்தில் ஏறத் தெரிந்த ஆள் வேண்டுமாம். செலவெல்லாம் அவர்களுடையது, ஆறு மாதம், நாலு நாடு. நான் யோசிக்கிறேன் என்று சொன்னதாக ரைட்டர் இன்றைக்கும் சொல்கிறார். உண்மையில் நான் அன்றைக்கே கிளம்பிவிட்டேன், உடம்பு மட்டும் தை மாதம்தான் போனது.

வீட்டுக்காரி சிரித்தாள். "ஏனுங்க, இங்க பக்கத்துல செம்மநத்தம் போறதுக்கே பஸ்ஸில வாந்தி எடுக்கிற ஆளு, கடலத் தாண்டிப் போறீங்களாக்கும்?" என்றாள். பிறகு, "போயிட்டு வாங்க. இங்க இருந்தாலும் வாசலுக்கும் கேட்டுக்கும் நடந்துட்டுத்தான இருப்பீங்க," என்றாள்.

முதலில் இலங்கை. மண் சரிந்த மலைச்சரிவில் நாற்று நட்டோம். தோட்டக்காரர்களின் லயத்து வீடுகளும் பேச்சும் நம்ம ஊர்ப் பக்கம் போலவே இருந்தன. நான் யாருடைய சொந்தக்காரன் என்று தினமும் ஒருவர் விசாரித்தார். அதுவே எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்து ஏற்காட்டிலேயே இருப்பது போல ஆகிவிட்டது. எப்போது அடுத்த நாடு என்று பினாங்கு அக்காவைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பினாங்கு அக்கா என்று நான் சொல்வது குழுவில் இருந்த மலேசியத் தமிழ் அம்மாவை. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழ், இங்கிலீஷ், மலாய் மூன்றும் சரளம். அவர் இல்லாவிட்டால் நான் ஆறு மாதமும் ஊமையாகத்தான் இருந்திருப்பேன். அவருக்கு என்னைக் கேலி செய்யாமல் பொழுது போகாது. "வாய என்ன, ஏற்காட்டுலயே பூட்டிட்டு வந்துட்டீங்களா? சாவி யார்கிட்ட, வீட்டுக்காரம்மாகிட்டயா?" என்பார்.

அடுத்து இந்தோனேசியாவில் சுமத்ரா தீவு. தினமும் மழை. அட்டைகள் காதுக்குப் பின்னால்கூட ஏறின. ஒரு நாள் ஆற்றுப் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது, நாற்று மூட்டைகள் இக்கரையில் நின்றுவிட்டன. நான் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, பாறைக்குப் பாறை தாவி அக்கரைக்குப் போய் ஒரு மரத்தில் முடிச்சுப் போட்டேன். தண்ணீர் நெஞ்சு வரைக்கும் இழுத்தது. பயமாக இல்லை. அத்தனை பேரும் சேர்ந்து கைதட்டியபோதுதான் பயமாகிப்போய், கட்டிய மரத்துக்குப் பின்னாலேயே நின்றுகொண்டேன். அங்கே ஆறு வாரம் இருந்தோம். நாலாவது வாரமே மனசு மூட்டை கட்டிவிட்டது.

மூன்றாவது நாடு கிழக்குத் திமோர். இந்தக் கதை அங்கேதான்.

எங்களைப் பிரித்துப் பல வீடுகளில் தங்க வைத்தார்கள். மற்றவர்கள் கீழே பள்ளத்தாக்கில் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டப் போனார்கள். நானும் பினாங்கு அக்காவும் மேலே ஒரு காப்பிக்கார அம்மாவின் வீட்டில். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குள் இருக்கும். கணவர் இறந்துவிட்டார், மகள் தலைநகரில் வேலை செய்தாள். தனியாக ஒரு நாயோடு இருந்தார். மலாய் போன்ற ஒரு பேச்சு அவருக்கும் தெரியும் என்பதால் அக்காவும் அவரும் பேசிக்கொள்ள முடிந்தது.

வீட்டுக்கு மேலே சரிவில் அவருடைய காப்பி. வயதான செடிகள் நோயில் போய்விட்டன, ஓரத்தில் கொஞ்சம்தான் மிச்சம். மற்ற இடம் முழுக்க இரண்டு வயதுச் செடிகள், நூற்று அறுபது. ஒவ்வொன்றையும் அவரே பள்ளத்தாக்கு நாற்றங்காலிலிருந்து தலையில் சுமந்து மேலே கொண்டுவந்து நட்டவர். அடுத்த வருஷம் முதல் காய்ப்பு. அதற்குப் பிறகுதான் தன் வீட்டுக்குக் கையில் ஏதாவது வரும் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அவற்றின் மேல் ஒன்பது நிழல் மரங்கள், நம்ம வாகை போலப் பொடி இலை, நான் அதுவரை ஏறியதிலேயே உயரமானவை.

என்னிடம் கேட்டது சின்ன வேலை. வீட்டுக் கூரைக்கு மேலே நீண்டிருந்த பட்ட கிளைகளை மட்டும் வெட்ட வேண்டும். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். அக்கா அதைத் தெளிவாகத்தான் என்னிடம் சொன்னார்.

மறுநாள் அக்காவுக்குப் பல்வலி. கன்னம் வீங்கி, தலைநகருக்கு டாக்டரைப் பார்க்கப் போய்விட்டார், திரும்ப மூன்று நாளாகும். அன்றே பட்ட கிளைகளை வெட்டி முடித்தேன். மத்தியானத்துக்குள் வேலை தீர்ந்துவிட்டது. பேச ஆள் இல்லை. நடக்க எஸ்டேட் கேட்டும் இல்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்ததில் நாய்கூட என் பின்னால் வருவதை நிறுத்திவிட்டது.

சாயங்காலம் மழை பெய்தது. அரை மணி நேரம், நல்ல மழை. மண் வாசனை எழுந்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், ஊரில் வைகாசி. மழை தொடங்கிவிட்டது, ஒன்பது மரமும் கழிக்காமல் நிற்கிறது, இந்த அம்மாவுக்கு ஆள் இல்லை. எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது.

ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. ஓரத்தில் நின்ற பழைய செடிகளில் பழம் சிவந்து கிடந்தது. ஏற்காட்டில் வைகாசியில் பழம் இருக்காது, பச்சைக் காய் மிளகளவு நிற்கும். வேறு நாடு, வேறு ரகம் என்று நினைத்துக்கொண்டேன். நின்று அதைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். நிற்கத்தானே எனக்குத் தெரியாது.

மறுநாள் அந்த அம்மா விடிந்ததும் சந்தைக்குப் போனார். போக வர ஒரு நாள் முழுக்க நடை. நான் மூங்கில் வெட்டி ஏணி செய்து, அவர் வருவதற்குள் ஒன்பது மரத்தையும் கழித்து முடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை. ஒரு கிளைகூடச் செடி மேல் விழவில்லை. கயிறு கட்டி ஒவ்வொன்றாக இறக்கினேன்.

சாயங்காலம் அவர் வந்து கூடையை இறக்கி வைத்துவிட்டு மேலே பார்த்தார். நல்லது சொல்வார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.  அவர் தரையில் கிடந்த என் கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், கூரை மூங்கிலுக்கு இடையில் செருகி வைத்தார். பனியில் துருப்பிடிக்கக் கூடாது என்று பத்திரமாக வைக்கிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு மழை பெய்யவில்லை.

நாலாம் நாள் இளஞ்செடிகளின் மேல் இலைகள் வெளிறின. ஏழாம் நாள் ஓரம் கருகின. வெயில் ஊசி போல நேராக இறங்கியது. தினமும் மேற்கே பார்த்தேன், ஒரு துண்டு மேகம்கூட இல்லை. மூன்று நாளில் வர வேண்டிய அக்கா, பல்லைப் பிடுங்கியதில் காய்ச்சல் கண்டு, எட்டாம் நாள்தான் திரும்பினார். கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தவர், சரிவைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"என்னாங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

மழை தொடங்கியதால் கழித்தேன் என்று சொன்னேன். அவர் அந்த அம்மாவிடம் போய்ப் பேசிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கேலி ஒன்றும் இல்லை. பூமிக்கு நடுவில் ஒரு கோடு உண்டு, பள்ளிக்கூடத்தில் உருண்டையில் பார்த்திருப்பீர்களே என்றார். பார்த்திருக்கிறேன். வாத்தியார் பிரம்பால் தொட்டுக் காட்டினார். நாம் அந்தக் கோட்டைத் தாண்டித் தெற்கே வந்துவிட்டோம், இங்கே எல்லாம் தலைகீழ் என்றார். இங்கே மழை கார்த்திகைவாக்கில் தொடங்கும், சித்திரை, வைகாசியோடு முடியும். மரம் கழிப்பதும் கார்த்திகையில்தான். இப்போது பழம் பறிக்கிற காலம். இனி ஐந்து மாதம் வெயில்.

"நீங்க பாத்தீங்களே, அதுதான் இந்த வருஷத்துக் கடைசி மழையாம்," என்றார்.

நான் அதை முதல் மழை என்று எண்ணியிருந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் குழு மொத்தமும் மேலே வந்தது. தொட்டி வேலை முடிந்துவிட்டது, வார முடிவில் வியட்நாம் கிளம்ப வேண்டும். டச்சுக்காரர் சரிவில் நடந்து செடிகளைப் பார்த்தார், போட்டோ எடுத்தார். இந்த வருஷம் வறட்சி சீக்கிரம் வந்துவிட்டது போல, பாவம், அறிக்கையில் அப்படியே எழுதிவிடுகிறேன் என்று அவர் சொன்னதாக அக்கா எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். டச்சுக்காரரிடம் அவர் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. அதை எனக்கு விட்டுவிட்டார் என்று தெரிந்தது.

சும்மா இருந்தால் போதும். இன்னும் இரண்டு நாள், வேறு நாடு, வேறு மலை. மூட்டை ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. வியட்நாமில் பெரிய அருவிகள் இருப்பதாகக் குழுவில் ஒரு பையன் படம் காட்டியிருந்தான், அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைக்கிறபோதே கண் அந்தச் சரிவுக்குப் போகும். நூற்று அறுபது செடி. ஒவ்வொன்றும் அந்த அம்மாவுக்கு ஒரு நடை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா மரவள்ளிக் கிழங்கு பரிமாறிக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்றேன். பதினோரு பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.  ஆற்று வெள்ளத்தில் வராத பயம் அப்போது வந்தது.

"அக்கா, நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க," என்றேன். "அது வறட்சி இல்லீங்க. நான்தானுங்க. கேக்காம மரத்தக் கழிச்சுட்டேன்."

அக்கா முதலில் இங்கிலீஷில் சொன்னார். பிறகு அந்த அம்மாவின் பக்கம் திரும்பி மலாயில் சொன்னார். அந்த அம்மா பாத்திரத்தைக் கீழே வைக்கவில்லை. ஏதோ சொன்னார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

"தெரியும்ங்கிறாங்க. இந்த ஆளு வாயால சொல்ல எத்தன நாளாகும்னு எண்ணிட்டு இருந்தாங்களாம்."

 அத்தோடு நான் உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க மாட்டேன் என்று தெரியும், அதனால் மிச்சத்தையும் நின்றபடியே சொன்னேன். எங்கள் ஊரில் மார்கழியில் இளஞ்செடிக்கு வெயில் படாமல் ஒவ்வொன்றுக்கும் குடிசை போடுவோம், நாலு குச்சி நட்டு மேலே தழையும் புல்லும் வேய்ந்து. நான் கழித்துப் போட்ட கிளைகளே இருக்கின்றன. விசா இருக்கிறவரை நான் இங்கேயே இருந்து எல்லாச் செடிக்கும் போட்டு, தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறேன். வியட்நாம் வேண்டாம்.

அந்த அம்மா என்னை முதல்முறையாக நேராகப் பார்த்துக் கேட்டதை அக்கா சொன்னார்: "இதயாச்சும் கேட்டுட்டுச் செய்வாரா?"

குழு கிளம்பிப் போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜீப் ஒவ்வொரு வளைவிலும் மறைந்து மறைந்து சத்தம் மட்டும் வந்தது. ஏற்காட்டு மலைப்பாதை போலவே வளைவுகள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்காவது வளைவில் சத்தம் நின்றது. ஓடினால் குறுக்கு வழியில் பிடித்துவிடலாம் என்று கால் கணக்குப் போட்டது. அக்கா போகும்போது, கடைசியில் அவர் ஊர் 'லா' ஒன்றைப் போட்டுச் சொல்லிவிட்டுப் போனது: "ஒரு மாசம்தான் லா. ஜெயில்னு நெனச்சுக்காதீங்க."

முதல் குடிசைக்குக் குச்சி நட்டேன். ஊரில் மார்கழி வெயில் தெற்கே சாய்ந்து வரும், அதனால் தெற்குப் பக்கமும் மேற்குப் பக்கமும் அடர்த்தியாக மூடி, வடக்கைத் திறந்து விடுவோம். இருபது வருஷமாகச் செய்த கை, தானாகவே தெற்குப் பக்கம் தழையைக் கொண்டுபோனது. அங்கேயே நிறுத்தினேன். அந்த அம்மாவைக் கூப்பிட எனக்கு அவர் மொழி தெரியாது. கையைத் தட்டினேன். அவர் வந்தார். தழையைத் தெற்கே வைத்துக் காட்டி, அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்று தலையாட்டி, என் கையோடு சேர்த்துத் தழையைப் பிடித்து வடக்கே கொண்டுபோய் வைத்தார். நிமிர்ந்து பார்த்தேன். மத்தியானச் சூரியன் வடக்கே நின்றுகொண்டிருந்தது. நான் வந்த நாள் முதல் அங்கேதான் நின்றிருக்கிறது, நான் பார்க்கவில்லை.

கேட்காமல் விட்டிருந்தால் நூற்று அறுபது குடிசையும் வெயிலுக்கு வாசலைத் திறந்து வைத்திருக்கும்.

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினைந்து என்று போட்டேன். காலையும் மாலையும் ஊற்றிலிருந்து தண்ணீர். ஏற்றத்தில் குடத்தோடு நாற்பது நடை. கால் அலைந்தது, மனசும் அலைந்தது. ஒரே சரிவில், ஒரே ஊற்றுக்கு, போவதும் வருவதும். சில நாள் குடத்தை வைத்துவிட்டுப் பாதை வளைவு வரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்புவேன். அந்த அம்மா பார்த்துக்கொண்டே பழம் பறிப்பார். இருபத்தேழு செடி என் கண் முன்னாலேயே காய்ந்தது. ஒவ்வொன்றையும் பிடுங்குவதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நகத்தால் தண்டைக் கீறிப் பார்ப்பார். உள்ளே பச்சை இருந்தால் விடச் சொல்வார். இல்லாவிட்டால் அவரே பிடுங்கிப் போடுவார்.

கிளம்பும் நாள் கூரையைக் காட்டிக் கத்தியைக் கேட்டேன். தர முடியாது என்று கையை விரித்தார். மறுபடி கேட்க எனக்கு உரிமை இல்லை. ஒரு பை காப்பிக்கொட்டை கொடுத்தார்.

ஊருக்கு வந்து வேலைக்குப் போனேன். மேஸ்திரி இரவல் கொடுத்த கத்தி கையில் அமரவில்லை. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி முழுக்க ஏற்காட்டில் மழை. ஒவ்வொரு மழைக்கும் அங்கே வெயில் என்று தோன்றும். வாசலுக்கும் கேட்டுக்கும் நடப்பது முன்பைவிட அதிகமாகிவிட்டது. வீட்டுக்காரி ஒரு கட்டத்தில், "நொம்ப நடந்தா வாசல் தேஞ்சு போயிருமுங்க," என்றாள்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் பினாங்கு அக்கா போன் செய்தார். அந்த அம்மாவின் மகள் அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். மழை தொடங்கிவிட்டது. நான் வந்த பிறகு இன்னும் ஐந்து செடி போனது. மிச்சமெல்லாம் குடிசையைப் பிரித்த பிறகு தழைத்து நிற்கின்றன, காய்ப்பு மட்டும் ஒரு வருஷம் தள்ளிப்போகும். அடிப்பக்கத்து இரண்டு மரத்தில் அந்த அம்மாவே ஏறிக் கொஞ்சம் கழித்திருக்கிறார்.

"கத்தி நல்லா இருக்காம். திருப்பித் தர்ற எண்ணம் இல்லையாம். ஆனா ஒண்ணு கேக்கச் சொன்னாங்க," என்றார் அக்கா. "பெரிய கிளைய வெட்டுனா பட்டை உரிஞ்சு மரம் வரைக்கும் கிழிஞ்சு வருதாம். நீங்க வெட்டுனது ஒண்ணுகூடக் கிழியலயே, எப்படின்னு."

பதில் எனக்கு வாயிலேயே இருந்தது. முதலில் கிளையின் அடிப்பக்கம் மூன்று விரல் ஆழம் வெட்டிவிட வேண்டும், பிறகுதான் மேலிருந்து. ஆனால் சரிவில் நிற்கும் மரத்துக்கு வேறு மாதிரி.

"கிளை மேட்டுப் பக்கம் நீளுதா, பள்ளத்துப் பக்கமா? அதக் கேட்டுட்டுச் சொல்லுங்கக்கா," என்றேன். "தெரியாமச் சொல்ல முடியாதுங்க."

அக்கா அந்தப் பக்கம் மகளைக் கூப்பிட, மகள் அம்மாவைக் கூப்பிட, நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் ஆனது. வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, யாரிடம் இவ்வளவு நேரம், அதுவும் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு என்று கேட்டாள். கையைக் காட்டிக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

பள்ளத்துப் பக்கம் என்று பதில் வந்தது.